பல்லவி எடுத்துக் கொடுத்தவள்

எங்கள் ஊர் வேதக்கோயிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். மூன்றாவது தூணை ஒட்டி நானும் எதிர்வீட்டுப் பெரியம்மையும் உட்காருவோம். சபை ஐயர் பாட்டு எண்ணைச் சொன்னதும் பெரியம்மை தன் புத்தகத்தை என் மடியில் வைப்பாள். "எண்ண எடுத்துத் தா பிள்ள" என்பாள். பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுவாள். பெரியம்மைக்கு எழுத்து தெரியாது. புத்தகம் தலைகீழாக இருந்தாலும் அவளுக்கு வித்தியாசம் இல்லை. ஆனாலும் பக்கம் சரியாக இருக்க வேண்டும்.

"எல்லாப் பாட்டும் மனப்பாடம்தானே பெரியம்மை, பக்கம் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் நிக்கிற பக்கத்துல நானும் நிக்க வேண்டாமா?" என்றாள்.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில், பனையை நம்பிப் பிழைத்த ஊர் எங்களுடையது. பெரியம்மையின் அம்மை விடிலிக் குடிசையில் பதனீர் காய்ச்சியவள். பாகு பதத்துக்கு வரும்வரை அடுப்பைவிட்டு நகர முடியாது. கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை கிண்ட, வாய் கீர்த்தனை பாடும். அடுப்புப் புகையில் கண் எரிய உட்கார்ந்து கேட்டே பெரியம்மை அத்தனை பாட்டையும் கற்றாள். பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் எல்லாம் வரிசை மாறாமல் வரும். பல பாட்டுகளில் நாங்கள் மூன்று சரணத்தோடு நிறுத்திவிடுவோம். அவள் மட்டும் மீதிச் சரணங்களை வாய்க்குள் முடித்துவிட்டுத்தான் உட்காருவாள்.

நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவள். சங்கீதம் 23, 91, 121 எல்லாம் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேதத்தை அறிந்தவள் என்று என்னைப்பற்றி நானே நினைத்திருந்தேன். அறிந்திருப்பது வேறு, தேறுவது வேறு என்பது 2021 மே மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் என் கணவர் திண்ணையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கொரோனா ஊரடங்குக் காலம். கோயில் பூட்டிக் கிடந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மஸ்கட்டில் இருந்த மகள் போனிலேயே அப்பாவைப் பார்த்து அழுதாள். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அன்றிரவு யாரும் உறங்குவதில்லை. முற்றத்தில் பெஞ்சும் பாயும் போட்டு, விடிய விடியப் பாமாலையும் கீர்த்தனையும் பாடுவார்கள். ஒருவர் குரல் கம்மினால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். நடுவில் கருப்பட்டிக் காப்பி வரும். என் வீட்டில் அந்த இரவு பாட்டு இல்லை. ஐயர் முகக்கவசத்தோடு நின்று ஜெபம் பண்ணினார். அதற்குமேல் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வசனங்கள் மட்டும் வந்தன. வாட்ஸ்அப்பில் நூற்றுக்கணக்கில் வந்தன. சூரியோதயப் படத்தின்மேல் எழுதியவை, ரோஜாப்பூவின்மேல் எழுதியவை, புறாவின்மேல் எழுதியவை. அனுப்பியவர்கள் அன்பினால்தான் அனுப்பினார்கள். அதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அவர்களால் வர முடியவில்லை, வேறென்ன செய்வார்கள்? ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மூடினேன். எனக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வசனங்களைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ராத்திரி நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். சொல்கிற வாயும் என்னுடையது, கேட்கிற காதும் என்னுடையது. சொன்ன வேகத்தில் அது கரைந்து போயிற்று.

அடக்கம் முடிந்த மறுநாள் இரவு. எட்டு மணி இருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பெரியம்மை ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்தாள். என் வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள், உலக்கையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினாள். சுருதி சரியில்லை, மேலே போகவேண்டிய இடத்தில் மூச்சு எட்டவில்லை. மூன்றாம் வீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் அனுபல்லவியைப் பிடித்தது. கிணற்றடி வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். அவரவர் வாசலிலேயே உட்கார்ந்து பாடினார்கள். யாரும் தெருவில் இறங்கவில்லை. குரல்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிந்தியும் முந்தியும் வந்தன. நான் உள்ளே இருட்டில், சுவரில் சாய்ந்தபடி கேட்டேன். ஆயிரம் தடவை நானே பாடிய பாட்டு அது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இரண்டு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. அதன்பின் உறங்கினேன்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. தெரிந்த வசனம், தெரிந்த பாட்டு. என் வாயால் சொன்னால் நிற்காதது, அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது ஏன் நிற்கிறது? கடவுளுடைய வார்த்தைக்கு வல்லமை உண்டு என்றால் அது யார் வாயில் இருந்தால் என்ன?

சங்கீதம் 42ஐ மறுபடி வாசித்தேன். தாகங்கொண்ட மானோடு தொடங்குகிற சங்கீதம். அதைப் பாடினவன் தன் ஆத்துமாவோடு தானே பேசுகிறான். ஏன் கலங்குகிறாய், தேவனை நோக்கிக் காத்திரு என்கிறான். ஐந்தாம் வசனத்தில் சொல்கிறான். பதினோராம் வசனத்தில் மறுபடி சொல்கிறான். அடுத்த சங்கீதத்தின் கடைசியில் மூன்றாம் முறை சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் இதைப் பல்லவி திரும்பி வருகிற அழகு என்று விளக்கியிருப்பேன். இப்போது எனக்கு வேறாகத் தெரிகிறது. ஒருமுறை சொன்னது நிற்கவில்லை. அதனால்தான் மறுபடி சொல்கிறான். அவனுக்கு எது இல்லாமல் போயிற்று என்பதையும் அவனே சொல்கிறான். பண்டிகை நாளில் கூட்டத்தோடு சேர்ந்து, களிப்பும் துதியுமாகத் தேவாலயத்துக்கு நடந்துபோன நாளை நினைத்து உள்ளம் உருகுகிறான். அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் கோராகின் புத்திரர் என்று இருக்கிறது. ஆலயத்தில் பாடுகிற வம்சத்தார் அவர்கள். பாடகன் ஒருவன் தன் கூட்டத்தைவிட்டுத் தொலைவில் தனியே நிற்கிறான். அவனுக்கு வசனம் குறைவில்லை. கூடப் பாடுகிற ஆள்தான் இல்லை.

தமிழ் வேதாகமத்தில் இரண்டு சொற்கள் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தன. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், இந்த வார்த்தைகளினால் ஒருவரையொருவர் தேற்றச் சொல்கிறார். எபிரெயர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லும்படி இருக்கிறது. தேற்றுவது எங்கே, புத்திசொல்வது எங்கே! துக்க வீட்டில் புத்திசொன்னால் யார் கேட்பார்கள்? ஆனால் கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். அருகில் அழைப்பது, பக்கத்தில் நின்று கூப்பிடுவது என்பது அதன் வேர்ப்பொருள். யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவருக்கு வருகிற 'தேற்றரவாளன்' என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பக்கத்தில் நிற்பதுதான் மூலச்சொல்லின் உயிர். பக்கத்தில் நின்றபடி ஒருவன் அழவும் செய்யலாம், கையைப் பிடித்து எழுப்பவும் செய்யலாம், வழி தவறினால் கண்டிக்கவும் செய்யலாம்.

தமிழில் 'தேறு' என்ற சொல்லும் எனக்குப் பிடித்தமானது. காய்ச்சல்காரன் தேறுகிறான். பரீட்சையில் பிள்ளை தேறுகிறது. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கிற கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். எங்கள் ஊரில் புதுக் குடத்துக்குள் அதை உரசித் தண்ணீர் ஊற்றுவார்கள். கலங்கலைத் தண்ணீர் தானாக வெளியே தள்ளாது. வெளியிலிருந்து ஒன்று வந்து உரச வேண்டும்.

எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில் பாட்டைப்பற்றி வருகிற இடமும் இப்படித்தான். சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு என்று மூன்று வகை சொல்லியிருக்கிறது. நம்முடைய பாட்டுப் புத்தகங்களுக்கு வைத்த பெயர்கள் அந்த வசனத்திலேயே இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். நான் கவனிக்காமல் விட்டது 'ஒருவருக்கொருவர்' என்ற சொல்லை. ஆண்டவருக்குப் பாடுவதும் அங்கே இருக்கிறது, பக்கத்தில் நிற்பவருக்குப் பாடுவதும் இருக்கிறது. கிறிஸ்தவர் அல்லாத ஓர் அதிகாரியின் கண்ணுக்கும் இது பட்டிருக்கிறது. கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி, ரோமச் சக்கரவர்த்தி டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினான். இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து, தங்களுக்குள் முறை வைத்துப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. விசாரணைக்காக இரண்டு அடிமைப் பெண்களை வதைத்ததையும் அவனே எழுதியிருக்கிறான். அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

துக்க வீட்டில் பாடுகிற வழக்கம் எவ்வளவு பழையது என்பதைச் சபைப் பிதா அகுஸ்தீனின் 'அறிக்கைகள்' நூலில்தான் முழுதாகக் கண்டேன். கி.பி. 387. ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியா துறைமுகத்தில் தாய் மோனிக்கா இறந்துபோகிறாள். அவளுக்கு 56ஆம் வயது, மகனுக்கு 33ஆம் வயது நடக்கிறது. மகனுக்காக எத்தனையோ வருடம் கண்ணீர்விட்டு ஜெபித்த தாய். அகுஸ்தீன் தன் கையால் அவள் கண்களை மூடுகிறார். பதினைந்து வயதுப் பேரன் அதெயோதாத்து வாய்விட்டு அலறுகிறான். எல்லோரும் அவனை அடக்குகிறார்கள். அப்போது நண்பர் எவோதியு சங்கீதப் புத்தகத்தை எடுத்து ஒரு சங்கீதத்தைத் தொடங்குகிறார். நம் வேதாகமத்தில் அது 101ஆம் சங்கீதம். வீட்டில் இருந்த எல்லோரும் பதில் பாடுகிறார்கள். நடந்ததைக் கேள்விப்பட்டுச் சகோதரரும் பக்தியுள்ள பெண்களும் பலர் கூடுகிறார்கள். அந்தப் பக்கத்தை வாசித்தபோது ஒஸ்தியா எங்கள் தெருவாகவே எனக்குத் தெரிந்தது.

ஆனாலும் அகுஸ்தீனுக்கு அழுகை வரவில்லை. அடக்கத்திலும் வரவில்லை. அழுவது விசுவாசக் குறைவு என்று தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருந்தார். குளித்தால் துக்கம் நீங்கும் என்று கேள்விப்பட்டுக் குளித்துப் பார்த்தார்; நீங்கவில்லை. உறங்கி எழுந்து படுக்கையில் தனியே கிடக்கும்போது, மிலான் ஆயர் அம்புரோசு எழுதிய ஒரு பாட்டின் வரிகள் நினைவுக்கு வந்தன. அதன்பின் தாயின் நினைவு வந்தது. தாய்க்காக அழுதார்.

அந்தப் பாட்டு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை யோசித்தேன். அதற்கு முந்தின வருடம், 386ல், மிலான் நகரத்தில் சிறுவயதுச் சக்கரவர்த்தியின் தாய் யுஸ்தினா அங்கிருந்த சபையை நெருக்கினாள். ஜனங்கள் ஆயர் அம்புரோசோடு சாகவும் ஆயத்தமாய் ஆலயத்தில் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களில் மோனிக்காவும் ஒருத்தி. ஜனங்கள் துக்கத்தால் சோர்ந்து போய்விடாமல் இருக்க, கிழக்கத்திச் சபைகளின் முறையில் சங்கீதங்களும் பாட்டுகளும் பாடுகிற பழக்கத்தை அப்போதுதான் அங்கே ஏற்படுத்தினார்கள் என்று அகுஸ்தீன் எழுதுகிறார். தனிமையில் அவரைத் தேற்றிய பாட்டு, மிலான் சபையும் அதன் ஆயரும் அவருக்குள் விதைத்து வைத்த பாட்டு. தனியே இருந்தபோதும் அவர் தனியே பாடவில்லை. என் அனுபவமும் இதுதான். இன்றைக்கு விடியற்காலையில் நான் தனியே முணுமுணுக்கிற கீர்த்தனை பெரியம்மையின் உடைந்த குரலில்தான் எனக்குள் கேட்கிறது. அவள் மூச்சு விட்ட இடத்தில்தான் நானும் மூச்சு விடுகிறேன்.

அடுத்தவர் குரல் செய்கிற வேலையை இன்னொரு கதையிலும் கண்டேன். நெல்லைச் சீமைக்காரர்களுக்குக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைத் தெரியும். கரையிருப்பில் பிறந்து, வைணவராய் வளர்ந்து, 1858ல் கிறிஸ்தவரானவர். 1894ல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலம் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம். பனியனின் கதையில் ஓர் இடத்தை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கதாநாயகன் கிறிஸ்தியான் மரண நிழலின் பள்ளத்தாக்கில் தனியே நடக்கிறான். கும்மிருட்டு. காதில் விழுகிற நிந்தனை தன் மனசிலிருந்தே வருகிறதோ என்று பயப்படுகிறான். அப்போது முன்னால் எங்கேயோ ஒரு மனிதன் 23ஆம் சங்கீதத்தின் வசனத்தைச் சொல்லிக்கொண்டு போகிற சத்தம் கேட்கிறது. ஆள் யாரென்று தெரியவில்லை. கூப்பிட்டாலும் பதில் இல்லை. ஆனால் கிறிஸ்தியானுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் தேவபயமுள்ள இன்னொருவனும் நடக்கிறான்; அவனோடு தேவன் இருந்தால் என்னோடும் இருப்பார் என்று நினைக்கிறான். அந்த வசனம் கிறிஸ்தியானுக்குப் புதியதா என்ன? அதை இருட்டுக்குள்ளிருந்தே இன்னொருவன் சொன்னான். வெளிச்சத்தில் நின்று சொல்லியிருந்தால் அவனுக்கு அந்தச் சந்தோஷம் வந்திருக்காது.

எனக்கு விடை அங்கேதான் கிடைத்தது என்று நினைக்கிறேன். பெரியம்மையும் விதவை. இரண்டு பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனவள். அவள் திண்ணையிலிருந்து பாடியபோது, வசனத்தோடு அதற்கான சாட்சியும் சேர்ந்து வந்தது. நானே எனக்குச் சொல்லும்போது வசனத்தோடு என் சந்தேகமும் சேர்ந்து வந்தது. வார்த்தை ஒன்றுதான். அதைத் தாங்கி வருகிற தோள் வேறு.

இதே காரணத்தால்தான் வசனம் காயப்படுத்தவும் செய்கிறது. யோபுவின் சிநேகிதர் மூவர் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். பேசத் தொடங்கியபின் சரியான உபதேசத்தையே கல்லாய் எறிந்தார்கள். அவர்களைப் பார்த்து யோபு சொல்கிற குற்றச்சாட்டிலும் நம் வேதாகமத்தில் தேற்றரவாளர் என்ற சொல்தான் இருக்கிறது. அலட்டுண்டாக்குகிற என்ற அடைமொழி மட்டும் முன்னால் நிற்கிறது.

நானும் அதைச் செய்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன், என்னோடு வேலை பார்த்த இளம் ஆசிரியை ஒருத்தியின் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்துவிட்டது. நான் போய், எல்லாம் நன்மைக்கு ஏதுவாகவே நடக்கும் என்கிற ரோமர் எட்டாம் அதிகார வசனத்தைச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். அதற்குப்பின் அவள் என்னோடு வேதத்தைப்பற்றிப் பேசவே இல்லை. என் கணவர் இறந்த மறுவருடம் அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னது பொய்யின்னு நான் நினைக்கல டீச்சர். ஆனா நீங்க எழுந்திருச்சுப் போயிட்டீங்க" என்றாள். அந்த வசனம் உண்மை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அழுகிறவர்களோடு அழச் சொன்னதும் அதே நிருபத்தில், நான்கு அதிகாரம் தள்ளி இருக்கிறது. முதலில் அதைச் செய்யாதவர் எட்டாம் அதிகாரத்தைத் தொடக்கூடாது.

கூட நிற்காமல் வசனத்தை மட்டும் கொடுக்கிற இந்தப் பிழை வாக்குத்தத்த அட்டைகளிலும் இருக்கிறது. வருடப்பிறப்பு ஆராதனை முடிந்து ஆளுக்கொரு அட்டை எடுப்பது எங்கள் சபையில் பெரிய சந்தோஷம்; நானும் ஆசையோடுதான் எடுப்பேன். அடிக்கடி வருகிற ஒரு வசனம் எரேமியா 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்களைப்பற்றி நான் நினைப்பது சமாதானத்துக்கே, தீமைக்கல்ல என்ற கருத்துள்ள வசனம். அது பாபிலோனுக்குச் சிறைபோன ஒரு கூட்டத்துக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருடம் என்று கணக்கு இருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் திரும்பி வரமாட்டார்கள். 'உனக்கு' என்று அங்கே இல்லை, 'உங்களுக்கு' என்றுதான் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்று ஒரு சபையாய் அவர்கள் சேர்ந்து கேட்ட வாக்கு அது. அட்டையில் பிரித்து எடுத்து ஆளுக்கொன்றாய்க் கையில் கொடுக்கும்போது அந்த எழுபது வருடம் கீழே விழுந்துவிடுகிறது. கூட இருந்த கூட்டமும் விழுந்துவிடுகிறது.

நம் நாட்டில் சபைப்பாட்டு வந்த வழியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1706ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து ஜெர்மன் பாட்டுகள் தமிழுக்கு வரத் தொடங்கின. 1791ல் சென்னையில் மரித்த பப்ரிசியுஸ் ஐயர் அந்த ராகங்களுக்கே பொருந்தும்படி ஞானப்பாட்டுகளை மொழிபெயர்த்தார். சீரும் தளையும் பார்க்கிற தமிழாசிரியைக்கு அதில் சில இடம் முட்டும். ஆனாலும் துக்க வீட்டில் அந்தப் பாட்டுகளின் மெதுவான நடைக்கு ஈடு இல்லை. அழுகிறவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிற நடை அது. பிறகு தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774ல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்து, 1864வரை வாழ்ந்தவர். பெத்தலகேம் குறவஞ்சி அவருடையது. ஏற்றம் இறைக்கிறவர்களின் பாட்டு முறையில் ஞான ஏற்றப்பாட்டும் எழுதியிருக்கிறார். ஏற்றப்பாட்டு எப்படிப்பட்டது என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர் வாங்கிப் பாடுவார். பாரத்தை இழுக்கிறவர்களுக்கு அந்தப் பாட்டு மூச்சு. கீர்த்தனையும் அப்படியே. சரணத்தை ஒருவர் நடத்திக்கொண்டு போகலாம்; பல்லவி வந்ததும் எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும். எழுத்து தெரியாதவளும், இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தவளும் இரண்டாம் தடவை பல்லவிக்குள் வந்துவிடுவாள். துக்கத்தில் வாய் அடைத்தவள் நான்காம் தடவையாவது வருவாள். அவளுக்காகத்தான் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது என்றே நான் நம்புகிறேன்.

இப்போது பல கோயில்களில் மேடைமேல் நான்கு பேர் ஒலிபெருக்கி பிடித்துப் பாட, கீழே உள்ளவர்கள் திரையைப் பார்த்து வாயசைக்கிறார்கள். புதுப்பாட்டுக்கு நான் விரோதி இல்லை. சாஸ்திரியார் பாட்டும் ஒருகாலத்தில் புதுப்பாட்டுதான். எனக்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு. பாடும்போது பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழுகிறதா? விழவில்லை என்றால், அங்கே எவ்வளவு நல்ல இசை இருந்தாலும் 'ஒருவருக்கொருவர்' என்ற சொல் வெளியே நிற்கிறது. பாட்டின் பொருளைவிட அதன் இனிமையில் மனம் அதிகம் அசைந்த நேரங்களை அகுஸ்தீன் பாவமாக அறிக்கையிட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை. பக்கத்தில் ஒருத்தி பாட முடியாமல் நிற்பது தெரியாமல் போய்விடுமே என்பதுதான் என் பயம். சபை மூப்பர்களிடமும் ஆர்மோனியம் வாசிக்கிற தம்பியிடமும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆராதனைக்கு ஒரு பாட்டாவது, ஒரே ஒரு பாட்டாவது, ஒலிபெருக்கி இல்லாமல் பாடுவோம்.

2021 ஜூலையில் கோயில் திறந்தது. முதல் ஞாயிறு போனேன். மூன்றாவது தூண். ஐயர் எண்ணைச் சொன்னார். எனக்குப் புத்தகத்தைத் தொடப் பிடிக்கவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் பாடுகிற கனத்த குரல் இல்லாத முதல் பாட்டு அது. பெரியம்மை அன்றைக்கு எண்ணை எடுத்துத் தரச் சொல்லவில்லை. என் மடியில் இருந்த புத்தகத்தைத் தானே எடுத்தாள். கைக்கு வந்த பக்கத்தை விரித்தாள். என் கையில் வைத்தாள். பக்கம் தப்பு. பிறகு என் காதருகில் குனிந்து, ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் முந்திப் பாடினாள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. எத்தனை ஞாயிறு அப்படிப் பாடினாள் என்று எண்ணவில்லை. அட்வெந்து காலம் வந்தபோது நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மை 2023 ஆடியில் போனாள். இந்த முறை முற்றம் நிறையக் கூட்டம் இருந்தது. பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, விடிய விடியப் பாட்டு. பல்லவி எடுக்கச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். தெருத் திண்ணையிலிருந்து அவள் எனக்குப் பாடிய அதே கீர்த்தனையை எடுத்தேன். குரல் நடுங்கிச் சுருதி மேலே போய்விட்டது. அனுபல்லவியில் எனக்கு எட்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் இறக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.